வேறு வீட்டுப் படம்

படத்தில் குளியலறைச் சுவர் முழுக்க வெளிர்நீல டைல்ஸ் பளபளத்தது. 'பாரு, ஒட்டியாச்சு. நீதான் ஒன்னுமே நடக்கலேங்கிற' என்று அதன் கீழே எழுதி அனுப்பியிருந்தான் கணவன் தமிழழகன். மேகலா அதைப் படித்தபோது அந்தக் குளியலறைக்குள்தான் நின்றுகொண்டிருந்தாள். மூன்று பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் செங்கல், நான்காவது பக்கம் ஒன்றுமில்லை, மேலே ஐப்பசி வானம். காலடியில் முந்தின நாள் மழை தேங்கிக் கிடக்க, அதில் ஒரு காலி சிமெண்ட் சாக்கு மிதந்துகொண்டிருந்தது.

தமிழழகனுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. கல்லங்குறிச்சிக்குப் பக்கத்திலிருந்த வீட்டுக்குப் பின்னால், ஒழுகும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு நின்ற பழைய குளியலறையையும் கக்கூசையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜெயங்கொண்டத்துப் பிரேம், குருமூர்த்தி என்ற காண்ட்ராக்டரின் எண்ணைக் கொடுத்தான். தமிழழகன் அவனோடு வீடியோவில் பேசினான். வார்த்தைக்கு வார்த்தை 'அண்ணே' என்றான் குருமூர்த்தி. நம்பிக்கையான ஆள் கிடைத்துவிட்டான் என்று தமிழழகன் பூரித்துப்போனான். குளிக்கப்போகிறவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சம்மட்டியோடு வாசலில் வந்து நின்றபோதுதான் மேகலா குருமூர்த்தியை முதன்முதலாகப் பார்த்தாள். இடிக்கிற வேலை ஒரே காலையில் முடிந்தது. செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டி வட்டமான சிமெண்ட் உறையும் இறக்கினார்கள். அதோடு சரி. கொத்தனார் ராசாங்கத்துக்கு வீட்டில் ஒரு சாவு என்றான் குருமூர்த்தி. பிறகு மணல் கிடைக்கவில்லை என்றான். கடைசியில் சிமெண்ட் வரவில்லை என்றான். ராப்பகலாக சிமெண்ட் லாரி ஓடி ஓடித் தார்ச்சாலையே வெளுத்துப்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

வேலை முடியும்வரைக்கும் குளிப்பதற்கும் மற்றதற்கும் பக்கத்து வீட்டு ஜெயலட்சுமிதான் கதி. முதல் சில நாள் அவள் வெந்நீர்கூடப் போட்டு வைத்தாள். பிறகு குளியலறையிலிருந்த சோப்பு டப்பா உள்ளே போனது. பிறகு கொல்லைக் கதவு தாழிடப்பட்டது. வாசல் வழியாக, அவர்கள் வீட்டு ஆண்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஜெயலட்சுமி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மேகலாவைப் பார்த்ததும் மோட்டாருக்கு ஆகும் கரண்ட்டைப் பற்றி மட்டும் பொதுவாகப் பேசுவாள். இதையெல்லாம்கூட மேகலா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒன்பதாவது படிக்கும் மகள் நந்தினி பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள் என்பதை அவள் தற்செயலாகத்தான் கவனித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, 'தாகமில்லம்மா' என்று சொல்லிவிட்டுப் பெண் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டது.

படம் வந்த அன்று சாயங்காலம் மேகலா வீடியோவில் கூப்பிட்டு, டார்ச் அடித்து, முழங்கால் சுவரையும் மிதக்கும் சாக்கையும் காட்டினாள். தமிழழகன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"குருமூர்த்தி வேற வூட்டுப் போட்டோவத் தெரியாம அனுப்பியிருப்பான். நீ ஒன்னும் கேட்டுப்புடாத. கோச்சுக்கிட்டுப் போயிட்டான்னா வேற ஆளு கெடைக்க மாட்டான்."

மேகலா போனை அணைத்துவிட்டு அந்த இருட்டிலேயே நின்றாள். தன்மேல் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் கோபித்துக்கொள்வாள் என்ற பயம் இல்லாதவனுக்கு, நேரில் முகம்கூடப் பார்த்திராத ஒருத்தன் கோபித்துக்கொள்வான் என்று பயம்.

மறுநாள் காலையில் அந்தப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். டைல்ஸுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டியின் வளைவில் பாதி எழுத்து மறைந்து, பாதி எழுத்து தெரிந்தது: 'மங்கலம் ஊராட்சி.' ஜெயலட்சுமியின் மருமகன் ஊர் விக்கிரமங்கலம். அங்கே குருமூர்த்திக்கு வேலை நடப்பதாக எப்போதோ காதில் விழுந்திருந்தது. நந்தினியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரியலூருக்கு வந்து விக்கிரமங்கலம் பஸ்ஸில் ஏறினாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

தொட்டியைக் கண்டுபிடித்த பிறகு வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்தவள் நர்மதா, மேகலாவைவிட இளையவள். வீட்டுக்காரன் ராஜராஜன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். குருமூர்த்தியின் பெயரைச் சொன்னதுமே அவள் முகம் மாறியது. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். அதே வெளிர்நீல டைல்ஸ். சுத்தமான வேலை, இணைப்பு ஒன்றுகூடக் கோணவில்லை. ஆனால் சுவரைத் துளைத்து வெளியே போன குழாய் அடுத்தவர் கடலைக் கொல்லையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. குழி தோண்டவே இல்லை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் கொல்லைக்காரர் சண்டைக்கு வருவார். பூட்டித்தான் வைத்திருக்கிறாள், இன்னும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய ஓலைத் தட்டி மறைப்பில்தான் குளிக்கிறாள்.

"குழி தோண்டி உறை எறக்கியாச்சுன்னு அவருக்குப் போட்டோ போயிருக்குக்கா. இது நம்ம வூடே இல்லீங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தாங்கிறாரு" என்று நர்மதா தன் போனை நீட்டினாள்.

மேகலா வாங்கிப் பார்த்தாள். அவள் வீட்டு உறைதான். உறைக்குப் பின்னால் அவள் வீட்டுக் கொடி. கொடியில் நந்தினியின் பள்ளிக்கூடச் சுடிதாரும் உள்ளாடையும் காய்ந்துகொண்டிருந்தன. தன் பெண்ணின் துணி, யாரென்றே தெரியாத ஓர் ஆளின் போனுக்குள் குவைத்வரை போய்வந்திருக்கிறது. அவள் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்து நர்மதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் மேகலாவுக்கு என்னவோ தோன்றி, "ஒன் சுவரும் என் குழியும் சேந்தா ஒரு பாத்ரூம் ஆயிருக்கும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது நர்மதாவின் கண்ணில் நீர் நின்றது. அது சிரிப்பினால் வந்ததா என்று மேகலா கேட்கவில்லை.

குருமூர்த்தியை வரவழைக்க நர்மதாவுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. மாடியில் ஒரு ரூம் கட்டலாமென்று வீட்டுக்காரர் சொல்கிறார், வந்து பார்க்கிறீர்களா என்று போன் போட்டாள். பழைய வேலைக்கு எழவு, மழை, மணல் என்று ஆயிரம் தடை இருந்தவனுக்குப் புது வேலை என்றதும் ஒரு தடையும் இல்லை. பைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், மேகலாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றான்.

அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் மேகலாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மறுத்துப் பேசவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆலத்தியூரிலும் ஒரு வேலை ஓடுகிறது என்றான். தனக்கு இருப்பது ராசாங்கம் ஒரே கொத்தனார்தான், மற்ற ஆளெல்லாம் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள், வேலையைக் கொஞ்சம் தொட்டு வைக்காவிட்டால் அந்த வீடு வேறு ஆளுக்குப் போய்விடும், அதனால் எல்லா வீட்டையும் தொட்டுத் தொட்டு வைப்பதாகச் சொன்னான். படத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் தரையைப் பார்த்தான்.

"அண்ணனுங்க அவ்ளோ தூரத்துல கஷ்டப்படுறாங்க அண்ணி. வேலை நிக்கிதுன்னு சொன்னா மனசு ஒடிஞ்சிடுவாங்கன்னுதான்."

"அவங்க மனசு ஒடியாமப் பாத்துக்கிட்டீங்க" என்றாள் மேகலா. "எம் பொண்ணு ராத்திரி தண்ணி குடிக்கிறதில்ல. அதுக்கு என்ன செய்யிறதுங்க?"

குருமூர்த்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் ஒரு பெண் இருக்கக்கூடும்.

எந்த வீட்டை முதலில் முடிப்பது என்ற பேச்சு வந்தபோது மேகலா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் வீட்டைத்தான் சொல்லியிருப்பாள். நர்மதாவின் ஓலைத் தட்டியைப் பார்த்த பிறகு அது முடியவில்லை. நர்மதாதான், பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீட்டை முதலில் முடியுங்கள் என்றாள். அது முடிந்த மறுநாளே இங்கே குழி தோண்ட வேண்டும். வரவில்லையென்றால் அக்காவும் நானும் சேர்ந்து ஆலத்தியூருக்கு வந்து அந்த வீட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்வோம் என்றும் சொன்னாள். சிங்கப்பூருக்கு இனிமேல் நீங்கள் படம் அனுப்பக்கூடாது என்றாள் மேகலா. குருமூர்த்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவன் எப்போதுமே குறை வைத்ததில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குத் தோன்றியது.

ஆனால் வந்தான். இடையிடையே காணாமல் போனான். அப்படிப் போன நாளெல்லாம் சாயங்காலம் மேகலா நர்மதாவுக்குச் சொல்ல, நர்மதா அவனைப் பிடிக்க, மறுநாள் ராசாங்கத்தோடு வந்து நின்றான். சுவர் எழும்பியது, மேலே காங்கிரீட் போட்டாயிற்று, டைல்ஸும் ஒட்டியாயிற்று. தமிழழகன் இரண்டு தடவை கேட்டான், ஏன் குருமூர்த்தி இப்போதெல்லாம் பேசுவதே இல்லை என்று. அவருக்கு வேலை இருக்கிறது என்றாள் மேகலா.

தரை போட்டு இறுகிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேகலாவே தமிழழகனை வீடியோவில் கூப்பிட்டாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடத் தரையில் சரிவு வாட்டம் சரியாக விட்டிருக்கிறதா என்று ஊற்றிப் பார்த்துவிட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு விக்கிரமங்கலம் போய்விடலாம் என்று குருமூர்த்தி காத்திருந்தான். ராசாங்கம் பூச்சுக் கரணையைக் கழுவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நந்தினி வாளி நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, ஒரே வீச்சில் தரையில் ஊற்றினாள். மேகலா போனைக் கீழே சாய்த்துப் பிடித்தாள். தண்ணீர் நாலாபக்கமும் பரவி, சுவரைத் தொட்டு, திரும்பி, நடுத்தரையில் ஒரு கணம் அப்படியே நின்றது.

"போவுதா?" என்றான் தமிழழகன் அங்கிருந்து. "மேகலா, எனக்குத் தெரியல. போவுதான்னு நீ பாத்துச் சொல்லு."

அவள் தானே குனிந்து பார்த்தாள். மூலையில் சல்லடை மூடி போட்ட ஓட்டையை நோக்கி, ஒரு விரல் அகலத்துக்கு, தண்ணீர் மெல்ல நகரத் தொடங்கியிருந்ததுபோல் இருந்தது.