மாடுகள் மிதித்த சுவர்

மே மாதத்தில் ஒரு காலை, எங்கள் சமையலறைச் சுவர் தோட்டத்துப் பக்கமாக விழுந்தது. டீ ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, ஜன்னல் இருந்த இடத்தில் முழுசாகத் தெரிந்த ஆப்பிள் மரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

முன்னூறு வருடத்து மண்சுவர். களிமண்ணும் வைக்கோலும்தான். எங்களுக்கு முன் இருந்தவர் மழைக்குப் பயந்து வெளிப்பக்கம் முழுக்க சிமென்ட் பூசிவிட்டார். இங்கிலாந்தில், எங்கள் டெவன் பகுதியில் பாதிப் பேர் செய்த தவறு அது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடிச்சுவர் கூழாகிவிட்டது. வீடு அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பதால், யார் பூசியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் இன்றைய சொந்தக்காரி, என் அம்மா லவ்டே.

கவுன்சில் அதிகாரி ஆக்லண்ட் போனில் தெளிவாகவே சொன்னார்.

"கூரைக்கு முட்டுக் குடுங்க. விழுந்த மண்ணை வெளியே போக விடாதீங்க, நான் வந்து பாக்குறேன். அதே மண்ணை வெச்சுக் கட்டினா அது பழுது பாக்குறது. மண்ணு போயிட்டா புதுச்சுவர். அனுமதி வர அடுத்த வருஷம் ஆகும்."

முட்டுக்கால்களை நம்பி ஒரு குளிர்காலத்தைத் தாண்ட எங்கள் கூரையால் முடியாது.

அம்மாவின் அண்ணன் ஹெட்லி மாமா முட்டுக்கால்கள் கொண்டுவந்து நிறுத்தினார். அதோடு விடாமல், மண் அள்ளும் இயந்திரத்தையும் லாரியையும் வரவழைத்துவிட்டார்.

"சேத்தை வெச்சு யாராவது வீடு கட்டுவாங்களா, லவ்டே? கான்கிரீட் கல்லை அடுக்கினா ஒரே வாரத்துல முடிஞ்சுது. அந்த ஆளு வர்றதுக்குள்ள அள்ளிடலாம்."

அம்மா களைத்திருந்தாள். அண்ணனைத் தடுக்க அவளுக்குத் தெம்பில்லை. நான் பள்ளியை விட்டு நின்ற பிறகு வெளியாள் யாரிடமும் பேசியதே இல்லை. ஆனால் இயந்திரத்தின் வாய் மண்மேட்டை நோக்கி இறங்கியபோது, ஓடிப்போய் அதன் உச்சியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருடி!"

"மாட்டேன். இது குப்பை இல்ல மாமா. எங்க சுவரு."

"அடேயப்பா, இவளுக்குப் பேச்சுகூட வருதா?" என்றது வேலிப்பக்கமிருந்து ஒரு குரல்.

பக்கத்துப் பண்ணைக்காரி வில்மட் வேலிமேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டைவிடத் தன் பன்றிக்கொட்டகை உறுதி என்று ஊரெல்லாம் சொன்னவள்.

"ஹெட்லி, உன் லாரி என் வழியை அடைச்சுட்டு நிக்குது. எடுத்துட்டுப் போ." பிறகு என்னைப் பார்த்தாள். "ஏன் கண்ணு, இவ்வளவு மண்ணையும் வைக்கோலோட சேத்து மிதிக்கணுமே. யாரு மிதிப்பா?"

"நானும் அம்மாவும்."

"நாலு காலு எந்த மூலைக்கு? எங்க தாத்தா காலத்துல மாட்டை விட்டுத்தான் மிதிப்பாங்க. இரு, வர்றேன்."

லாரியும் இயந்திரமும் காலியாகத் திரும்பின. வில்மட்டின் ஆறு கிடாரி மாடுகள் வந்தன. தண்ணீர் தெளித்து, வைக்கோல் தூவி, அவற்றைச் சுற்றிச்சுற்றி நடக்கவிட்டோம். ஒன்று நடந்தபடியே சாணி போட்டது.

"ஐயோ, சுவருல சாணியா?" என்றாள் அம்மா.

"கெட்டியா பிடிக்கும், போ!" என்றாள் வில்மட்.

மதியம் ஆக்லண்ட் வந்து, வாசலிலேயே நின்று மாடுகளைப் பார்த்தார்.

"மேஸ்திரிங்க பலமாத்தான் இருக்காங்க," என்றார். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். "அதே மண்ணு. வேலையை ஆரம்பிங்க."

முழங்கால் உயரம் கட்டுவோம், காயவிடுவோம், மறுபடி மிதிப்போம். கோடை முழுக்க அதே வேலை. மேலே சுண்ணாம்பு பூசினோம். மற்ற சுவர்களின் சிமென்ட்டையும் ஆக்லண்ட் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தோம்.

செப்டம்பரில் முட்டுக்கால்களை எடுக்கும் நாளில் ஹெட்லி மாமா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"தலையில விழப்போகுது, நான் சொல்லிட்டேன்!"

கடைசி முட்டுக்காலை நானே உருவினேன். உத்தரம் முனகியது. தூசி உதிர்ந்தது. கூரை எங்கள் சுவர்மேல் அமர்ந்து, அசையாமல் நின்றது. அம்மா வில்மட்டைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் கிடாரிகள் மிரண்டன.

மாமா மெல்ல உள்ளே வந்தார். யாரும் பார்க்காத மாதிரி, சுவரில் தோளை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

"சும்மா பலமா தள்ளுங்க மாமா," என்றேன்.