நான்காவது ஃபேடர்

ஒலிப்பதிவாளர் மிக்ஸரில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நான்காவது ஃபேடரைக் கீழே இறக்கிய நொடியில் அவர் மனைவிக்குப் பேச்சு நின்றுபோனது. பேருந்து நிலைய அறிவிப்புகளுக்குக் குரல் கொடுக்க ஸ்டூடியோவுக்கு வந்திருந்தவள், வேலை முடிந்த பிறகும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றபடி, "நான் ஒண்ணு சொன்னா நீங்க என்னைக்காவது" என்று ஆரம்பித்தாள். அவரோ ஸ்விட்சை அணைக்கும் முன் எல்லா ஃபேடர்களையும் இறக்கிவிடும் பழக்கதோஷத்தில் அவளுடையதையும் இழுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் அவள் வாய் திறக்கவில்லை. கோபமாக்கும் என்று அவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்: "கோபம் இல்ல. குரல் வரல. பயமா இருக்கு."

தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். மூன்றாம் நாள் வேறொரு பதிவுக்காக அவர் நான்காவது ஃபேடரை ஏற்றினார். அதில் மைக்கே செருகியிருக்கவில்லை. ஆனாலும் ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்டது: "காதுல வாங்கியிருக்கீங்களா?" இரண்டு தெரு தள்ளி, வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்திருந்தாள்.

அன்றே மிக்ஸரை வீட்டுக்குத் தூக்கிவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, பேட்டரியோடு இணைத்தார். மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்துபோகும் நாட்களில் அவள் பாதி வார்த்தையில் நின்றுவிடுவாள். மின்சாரம் வந்ததும் மீதியைச் சொல்வாள். அக்கம்பக்கத்தார் அதுவரை பொறுமையாகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். அவரால்தான் பழக முடியவில்லை. மிக்ஸரைத் துடைக்கும்போதெல்லாம், நான்காவது ஃபேடர் கைபட்டு இறங்கிவிடுமோ என்று அதை மட்டும் தொடாமல் சுற்றித் துடைத்தார். அதைவிடப் பெரிய பயம் ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவள் குரல் அதே அளவில் கேட்க, வருஷா வருஷம் ஃபேடரை ஒரு நூலளவு மேலே தள்ள வேண்டியிருந்தது.

ஒன்பதாவது வருஷம் ஃபேடர் உச்சியில் முட்டி நின்றது. அதன்பின் வீட்டில் மின்விசிறி போடுவதை நிறுத்தினார்கள். பிறகு வானொலியை. வந்தவர்கள் செருப்போடு பேச்சையும் வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது படுக்கும் முன் அவள் உதடு அசைத்து, "கேக்குதாங்க?" என்கிறாள். நான்காவது சேனலில், ஒலியின் அளவைக் காட்டும் விளக்குகளில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒற்றைப் பச்சை விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது. அதைப் பார்த்துவிட்டு அவர், "கேக்குதும்மா" என்கிறார்.