எட்டு வயதுப் பேத்தி

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பழைய பொம்மைகளை வாங்கிச் செப்பனிடுவதில் பேரின்பம் கண்டார். கழன்ற கைகால்களை எலாஸ்டிக் கோத்து உடலோடு இணைப்பார். சிக்குப் பிடித்த முடியை வெந்நீரில் அலசி வாருவார். கன்னத்தில் ஏறிய பேனா மையின் மீது முகப்பருக் களிம்பைத் தடவி வெயிலில் வைப்பார். சில நாளில் மை மறைந்துவிடும்.

"இந்த வயசுல உங்களுக்கு முகப்பரு!" என்று மனைவி சிரிப்பார்.

வீட்டில் அவருக்குக் கூச்சமில்லை; கூச்சமெல்லாம் கடையில்தான். பழைய சாமான் கடைக்கார அம்மாள் முதல் நாளே, "பொம்மை யாருக்கு சார்?" என்று கேட்க, மீசைக்காரரான டிரைவர் தடுமாறி, "பேத்திக்கு. ஆறு வயசு" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளையே பிறக்காத வீட்டில் அன்று ஒரு பேத்தி பிறந்தாள். அந்தப் பொய், ஒருமுறை சோறு கண்ட நாய்க்குட்டி போல, அவர் காலையே சுற்றி வந்தது. பேத்திக்குப் பல் விழுந்தது. காய்ச்சல் வந்து போயிற்று. எட்டு வயதும் ஆயிற்று. சென்ற மாதம் கடைக்கார அம்மாள் அவளுக்கென்று தம் கையாலேயே ஒரு நீலக் கவுன் தைத்துக் கொடுத்தார். டிரைவர் அதைப் பொம்மைப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில், கண்ணாடிக் குடுவை வாங்கவேண்டுமென்று மனைவியும் கடைக்கு உடன் வந்தார்.

"வாங்கம்மா! பேத்திக்குக் கவுன் சரியா இருந்துச்சா?"

மனைவி டிரைவரின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. வளர்ற பிள்ளைதானே, சரியாயிடும்."

தெருமுனைக்கு வந்ததும் மனைவி கேட்டார்: "பேர் என்ன வெச்சீங்க?"

"அவங்க கேக்கல. நானும் வைக்கல."

"கவுன் போடுற அளவுக்கு வளர்த்திருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"பொம்மை எனக்குத்தான்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"உங்க கூச்சத்தை மூட நம்ம குறைதான் கிடைச்சுதா?"

டிரைவர் திரும்பிக் கடைக்கு நடந்தார்.

"அம்மா, எனக்குப் பேத்தி கிடையாது. பிள்ளையே கிடையாது. பொம்மையெல்லாம் எனக்குத்தான்."

கடைக்கார அம்மாள் கையிலிருந்த துடைக்கும் துணியைக் கீழே வைத்தார்.

"பல்லு விழுந்துச்சுன்னீங்களே?"

"பொய்ம்மா."

"காய்ச்சல்? ரெண்டு நாள் எனக்கு மனசே சரியில்ல, சார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். காது மடல்கள் எரிய, தலை கவிழ்ந்து நின்றார். அப்போது பின்னால், வாசற்படியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"மன்னிச்சுக்கங்கம்மா. கவுனை நாளைக்குக் கொண்டாந்து கொடுத்துடறோம்."

கொடுத்துவிடுவார் என்று சொல்லவில்லை, கொடுத்துடறோம் என்றார். அந்தப் பன்மையில் தம் பொய்க்கு மனைவியும் பங்கேற்றதை உணர்ந்து, டிரைவர் முன்னிலும் கூசிப்போனார்.