சீமாட்டிக்கு மோர்

புருஷன் வீட்டுக்குக் கப்பலேறிப் போகிற பெண் பூனையைத் தூக்கிக்கொண்டா போவாள்? பார்வதி போனாள். அதுவும் ஒன்றில்லை, இரண்டு. மதுரையில் வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் புடவைப் பெட்டியையும் பாத்திர மூட்டையையும் விட்டுவிட்டு அந்த மூங்கில் கூடையைத்தான் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மொரீஷியஸில் பூனையே கிடையாதா என்று ஒரு சித்தப்பா கேட்டார். இருக்கும் சித்தப்பா, இந்த ரெண்டும் இருக்காதே என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

அவளைக் கட்டிக்கொண்ட ராமசந்திரன் மொரீஷியஸில் சுயாக் ஊர்க்காரன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. சென்னையில் நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவன், தமிழும் அங்கேதான் சரளமாக வந்தது. இப்போது ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, பீனிக்ஸ் என்கிற ஊரில் தகரக்கூரை போட்ட ஒரு வாடகை வீடு. பூனைகளில் ஆண் கட்டையன், பெண் சீமாட்டி. கட்டையன் கிடைத்ததைத் தின்பவன். சீமாட்டி பெயருக்கேற்றவள். சைவ வீட்டில் பிறந்து சைவ வீட்டில் வளர்ந்தவள், மோர்ச்சோறு தவிர வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். பால் கொடுத்தால் கக்கிவிடுவாள். கப்பல் சமையல்காரரிடம் தினமும் கெஞ்சித் தயிர் வாங்கிக் கரைத்து ஊற்றித்தான் பார்வதி அவளை அவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது, கப்பல் போர்ட் லூயியில் கரை சேர்ந்தது. இறங்கியதுமே கூடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெறிநாய்க்கடி என்கிற நோயே இல்லாத தீவு அது. இந்தியாவிலிருந்து வரும் நாயும் பூனையும் ஆறு மாதம் அரசாங்கக் கொட்டிலில் தனியாக அடைபட்டுக் கிடக்க வேண்டும். முதல் வாரம் யாரும் போய்ப் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். காகிதத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, பார்வதியும் மதுரையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் காகிதத்தில் படிப்பது வேறு, கூடை கையை விட்டுப் போவது வேறு.

சீமாட்டிக்கு மோர்ச்சோறுதான் வேண்டும் என்று கொட்டிலில் சொல்லுங்கள் என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். பசி வந்தால் மீன் தின்னாத பூனை எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டான். படித்த மனுஷன் செய்கிற வேலை!

எட்டு நாளை எப்படியோ தள்ளிவிட்டு முதல் ஞாயிற்றுக்கிழமை போனார்கள். கட்டையன் கன்னமெல்லாம் உப்பி, மீன் வாசனையோடு வலையில் வந்து உரசினான். வந்த இரண்டாம் நாளே கட்சி மாறிவிட்டானாம், துரோகி. சீமாட்டி கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. பார்வதி கூப்பிட்டதற்குக் காது மட்டும் அசைந்தது.

மிருக வைத்தியர் எட்மோன் ராமசந்திரனைத் தனியே அலுவலக அறைக்கு அழைத்துப் போனார். நல்ல மனிதர், கடுமையாகப் பேசத் தெரியாதவர். ஆனாலும் சட்டத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த பூனை, தின்ன மறுக்கிறது, மூலையில் ஒடுங்குகிறது, கிட்டே போனால் சீறுகிறது. நோயின் முதல் அறிகுறியும் இதுதான், வெறும் பட்டினியும் இப்படித்தான் இருக்கும். ஒரு தீவையே பணயம் வைக்க அவரால் முடியாது. புதன்கிழமை வரை பார்ப்பார். அதற்குள் வாயைத் திறந்து தின்றால் சரி, இல்லையென்றால் ஊசிதான், அதோடு முடிந்தது.

இந்தப் பேச்சு உள்ளே நடந்துகொண்டிருந்தபோது வெளியே வலையருகே பார்வதி தனியாக நின்றாள். கூண்டுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார் துரைசாமி என்கிற காவல்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு பத்து நாள் விரதத்தில் இருந்தார். விரதத்தில் மீனைத் தொடக் கூடாதென்று அந்த வாரம் முழுக்கத் தீனி போடும் வேலையைச் செர்ஜ் என்கிற கூட்டாளியிடம் விட்டிருந்தார். விபூதியைப் பார்த்ததும் பார்வதிக்குத் தெம்பு வந்தது. நம்ம மனுஷர், பிழைத்தோம் என்று மடமடவென்று தமிழில் கொட்டித் தீர்த்தாள்.

துரைசாமி பரிதாபமாகச் சிரித்தார். அவர் வீட்டில் பேசுவது கிரியோல். அவரிடம் இருந்த தமிழ் முழுவதும் கோயில் தமிழ். அரோகரா தெரியும், அபிஷேகம் தெரியும், மாமன் மச்சான் உறவு தெரியும். இவ்வளவு வேகமாக வந்த தமிழில் அவருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

பார்வதி சளைக்கிறவளா? வந்த எட்டு நாளில் பக்கத்து வீட்டு யொலாந்திடம் கிரியோலில் நாலைந்து வார்த்தை பொறுக்கி வைத்திருந்தாள். பூனைக்கு ‘சாத்’. கொடு என்பதற்கு ‘தோன்’. மோருக்கு என்னவென்று கேட்டு வைத்திருக்கவில்லை. பரவாயில்லை, மோர் தெரியாத தமிழன் உண்டா என்று நினைத்துக்கொண்டு, வலையைப் பிடித்தபடி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

“சாத். மோர். தோன் மோர்.”

துரைசாமியின் முகம் வெளுத்துப்போனது. தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார்.

“நோன், நோன், மதாம். பா மோர். பா மோர்.”

‘பா’ என்றால் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மோர் கிடையாது என்கிறான்! ஒரு கரண்டி மோர், அதற்கு இவ்வளவு பிகுவா? பார்வதி குரலை உயர்த்தினாள். மோர், மோர் என்று இவள் கத்த, பா மோர், பா மோர் என்று அவர் கெஞ்ச, கடைசியில் அந்த மனுஷனின் கண்ணே கலங்கிவிட்டது. மோருக்கு அழுகிற ஆளை அவள் அன்றுதான் பார்த்தாள். மணி அடித்தது, வாசல் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பஸ்ஸில் ராமசந்திரன் புதன்கிழமைக் கெடுவைச் சொன்னான். அவள் அழுதுகொண்டே, ஒரு வாய் மோர் கொடுக்க மாட்டேன் என்றானே அந்தப் பாவி என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டான். சொன்னாள். அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

“பார்வதி, இந்த ஊர்ல மோர்னா செத்துப்போறது. பூனைக்குச் சாவைக் குடு, சாவைக் குடுன்னு அந்த ஆளை மிரட்டிட்டு வந்திருக்க.”

அந்த மனுஷன் ‘சாகாது மதாம், சாகாது’ என்றல்லவா கெஞ்சியிருக்கிறான். அவனைப் போய்ப் பாவி என்றோமே என்று இன்னும் கொஞ்சம் அழுதாள். கூடவே, கொட்டிலில் சொல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்ட புருஷன் மேலும் கோபம் வந்தது, நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து அவன் கொட்டிலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு மோர்ச்சோற்றைப் பற்றிச் சொன்னான். வைத்தியர் வெளியூர் போயிருந்தார். எடுத்த குமாஸ்தா, வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாதே என்று இழுத்தான். எழுதி வைக்கிறேன் என்றான், எழுதினானோ என்னவோ. செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை காலையிலிருந்து பார்வதி பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீனிக்ஸ் மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. அந்தப் பூனை போய்விட்டால் இந்த ஊரில் நான் எப்படிச் சிரிப்பேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போகிற கப்பல் எப்போது என்றுகூட ஒரு தடவை நினைத்தாள்.

மூன்று மணி வாக்கில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். வெறுங்கால், தொப்பலாக நனைந்த காக்கிச் சட்டை, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. துரைசாமி! விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பார்வதி எழுந்துவிட்டாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“அம்மா. சாத்... மோர்.”

பார்வதி கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முடிந்தது, என் கண்மணி போய்விட்டாள், இதைச் சொல்லவா இந்த மழையில் இவ்வளவு தூரம் வந்தாய் மகராசா என்று மனசுக்குள் ஓலமிட்டாள். துரைசாமி திகைத்துப்போனார். நல்ல சேதி சொன்னால் இந்த அம்மா ஏன் இப்படி விழுகிறாள்?

“மோர், அம்மா, மோர்!” என்றார் சந்தோஷமாக. அவள் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். அவருக்குச் சட்டென்று விளங்கியது போலிருந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையைக் கிண்ணமாகக் குவித்தார். நாக்கை நீட்டி, லொபக் லொபக் என்று நக்கிக் காட்டினார், பிறகு புறங்கையால் மீசையைத் துடைத்துக் காட்டினார்.

“தயிர்,” என்றார். “அபிஷேகம் தயிர். தண்ணி. மோர்!”

பார்வதி கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது மனிதர், நெற்றியில் விபூதி மழையில் கரைந்து வழிய, பூனையாக உட்கார்ந்து மறுபடி நக்கிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது, எது எதென்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகவே வந்தது.

ராமசந்திரன் வீடு திரும்பி, துரைசாமி கிரியோலில் சொன்னதைத் தமிழில் சொன்ன பிறகுதான் கதை முழுசாகத் தெரிந்தது. ஞாயிறு, திங்கள் இரண்டு ராத்திரியும் துரைசாமிக்குத் தூக்கமில்லை. இவ்வளவு ஆசையாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவள், அதைக் கொல்லு என்று எப்படிச் சொல்வாள்? செவ்வாய் சாயங்காலம் கோயிலுக்குப் போனவர், அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஒரு வருஷம் முன்பு காரைக்குடியிலிருந்து வந்திருந்த வாத்தியாரைப் பிடித்து, மோர் என்று தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தயிரில் தண்ணீர் விட்டால் மோர் என்றார் வாத்தியார். தயிர்! அது அவருக்குத் தெரியுமே, வருஷா வருஷம் அபிஷேகத்துக்குத் தயிர்க்குடம் எடுத்துக் கொடுப்பவரே அவர்தானே. அந்த அம்மா தயிர் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பாராம்.

விரதச் சாப்பாடாக அவர் மனைவி பொன்னம்மா தினமும் கட்டிக் கொடுப்பது சோறும் பருப்பும்தான். புதன்கிழமை விடியற்காலையில் சோற்றில் தயிர் விட்டுக் கரைத்துக் கொண்டுபோனார். கூண்டுக்குள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, சீமாட்டி பக்கம் திரும்பாமலே சாப்பிட ஆரம்பித்தார். நாலு வாய் உள்ளே போயிருக்காது, முழங்காலில் ஒரு மூக்கு வந்து இடித்தது. பத்து மணிக்கு எட்மோன் ஊசிப் பெட்டியோடு வந்தபோது காவல்காரரும் பூனையும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்தியர் பெட்டியைக் கீழே வைத்தார். வெளிச் சாப்பாடு கூடாதென்பது சட்டம், ஆனால் காவல்காரனின் மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை என்றார். ஏட்டைத் திறந்து அந்த எண்ணுக்கு எதிரே, நன்றாகத் தின்கிறது என்று எழுதினார்.

பார்வதிக்கு நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சாப்பிடச் சொன்னால் விரதத்தில் வெளியே கை நனைக்க மாட்டார். புது வேட்டி எடுத்து நீட்டினாள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். காலில் விழப் போனாள், பதறிப் போய் முற்றத்தில் குதித்துவிட்டார். ஒன்றும் வேண்டாம், தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு வாருங்கள், அது போதும் என்று ராமசந்திரனிடம் சொல்லிவிட்டு மழையிலேயே போனார்.

போனார்கள். வெயில் கொளுத்திய அந்த நாளில் துரைசாமி நாக்கில் வேல் குத்திக்கொண்டு, எலுமிச்சம்பழம் தொங்கும் காவடியைச் சுமந்து மலையேறி வந்ததைப் பார்வதி வாய்க்குள் அரோகரா சொல்லிக்கொண்டே பார்த்தாள். வேலைக் கழற்றி, காவடியை இறக்கிய பிறகு அர்ச்சனை வரிசையில் பொன்னம்மாவும் அவரும் பார்வதியைத் தங்கள் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். துரைசாமி தன் பெயரைச் சொன்னார், பொன்னம்மா பெயரைச் சொன்னார், பிள்ளைகள் பெயரைச் சொன்னார். கடைசியில் ஒரு பெயர் சொன்னார்.

“சீமாட்டி.”

ராமசந்திரன் சிரிப்பை அடக்க இருமினான். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. யார் அது என்று கேட்டார்.

துரைசாமியின் நாக்கு வேல் குத்தியதில் தடித்திருந்தது. இருந்தாலும் ஒரு கிரியோல் வார்த்தைகூடக் கலக்காமல் சொன்னார்.

“என் தங்கச்சி பிள்ளை.”

பார்வதி வீட்டுக்கு ஒரே பெண். அண்ணன் என்றோ தம்பி என்றோ சொல்லிக்கொள்ள அவளுக்கு யாரும் இருந்ததில்லை. குருக்கள் நட்சத்திரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார், துரைசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். விறகுக் கட்டைகளுக்கு நடுவே ஏதோ ஒரு பங்குனியில் பிறந்த பூனைக்கு எந்த நட்சத்திரத்தைச் சொல்வது?

“ரேவதி,” என்று தன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டுக் கை கூப்பிக்கொண்டாள்.