மேரிமின் மூடிய கை

சொய்ங் என்று பெரிய சீறலோடு உருக்கிய ஈயம் தண்ணீரில் விழுந்தது. தலைக்கு மேலே பிடித்திருந்த கிண்ணத்தில் அவ்வளவு சத்தம் கேட்டும், போர்வைக்குள் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள் மேரிம் அசையவில்லை. நான்கு வயது. காலையிலிருந்து இரண்டு தடவை வலிப்பு வந்துவிட்டது. ஏதோ பயம் புகுந்திருக்கிறது, ஈயம் ஊற்றினால் இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டு சலிமா அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

உறைந்த ஈயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சலிமா அக்கா, நாய் உருவம் தெரிகிறது, அதைப் பார்த்துத்தான் பிள்ளை பயந்திருக்கிறது என்றாள். உடனே என் அண்ணன் டோலோமுஷ் எதிர்வீட்டு நாயைத் திட்ட ஆரம்பித்தான்.

"அதுக்குப் பல்லே கிடையாதுண்ணே. எந்திரிச்சு வண்டியை எடு" என்றேன்.

அதற்குள் மறுபடியும் வலிப்பு. அண்ணி புருல் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

நாரின் நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் அசில்கான் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார். ரத்தத்தில் கால்சியம் குறைவு என்று தெரிந்ததும் அதையும் ஏற்றினார். கொஞ்ச நேரம்தான் நிம்மதி. மேரிமின் மணிக்கட்டு மறுபடி மடங்கியது. விரல்கள் குருவி அலகு மாதிரி குவிந்து இறுகின. அண்ணி ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வயிற்றுப்போக்கு உண்டா என்று டாக்டர் கேட்டார். பனி உருகியதிலிருந்து விட்டுவிட்டுப் போவதாக அண்ணி சொன்னாள். அப்படியானால் மக்னீசியமும் வடிந்திருக்கும், அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் ஏற்றினாலும் தங்காது என்று சொல்லிவிட்டு, நர்ஸிடம் மருந்து எடுக்கச் சொன்னார் டாக்டர்.

அண்ணன் மிரண்டுபோனான். "பட்டாசுல வெள்ளையா எரியுமே, அதையா புள்ள உடம்புல ஏத்தப் போறீங்க?"

"அதோட உப்பு. அந்த மலையில தெரியுது பாருங்க பச்சை, ஒவ்வொரு புல்லுலயும் அது இருக்கு. உங்க நெஞ்சு அடிக்கிறதுக்கும் அது வேணும்."

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். மேலிருந்து கீழ்வரை பச்சை. அத்தனை புல்லுக்குள்ளும் இருக்கிற ஒன்று, இந்தச் சின்ன உடம்பில் இல்லாமல் போயிருக்கிறது.

மருந்து மெதுவாக இறங்கியது. டாக்டர் நாடியைப் பிடித்தபடியே நின்றார். முதலில் சுண்டுவிரல் தளர்ந்தது. பிறகு மற்ற விரல்கள், காலை வெயிலில் பூ அவிழ்வது போல, ஒன்றன்பின் ஒன்றாக. அண்ணி எவ்வளவு இழுத்தும் பிரியாத விரல்கள், தண்ணீர் மாதிரித் தெரிந்த மருந்துக்கு இணங்கிவிட்டன. மேரிம் கண் திறந்து அம்மாவின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சாயங்காலம் வந்த ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே சொன்னது. பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். வயிறு தாங்காது என்று பால், பார்லிக் கஞ்சி, பயறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக அண்ணி சொன்னாள். வெள்ளை ரொட்டியும் சர்க்கரை போட்ட தேநீரும் மட்டும்தான். மகளுக்காக மாவை இரண்டு தடவை சலித்ததாக அண்ணன் கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டான்.

சலித்த தவிட்டிலும், மிச்சமான பார்லியிலும் பயறிலும்தான் மக்னீசியம் நிறைய இருந்தது, அதெல்லாம் என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"குதிரைக்குப் போட்டோம் டாக்டர். போன வாரப் பந்தயத்துல அதுதான் முதல்ல வந்துச்சு."