மறந்த குலை

லூத்ரியில் ரயில் ஏறினால் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் எபெஸில் இறங்கிவிடலாம். ஆனாலும் மர்சலின் நடந்தே கிளம்பினார். எலியானிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் அவருக்கு இன்னும் சரியாக அமையவில்லை. ரயிலில் போனால் வாக்கியம் வருவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார்.

வாக்கியம் ஒன்றும் பெரிய பிரசங்கமில்லை. 'போகாதீங்க, என்கூட லூத்ரிக்கு வந்துடுங்க.' அவ்வளவுதான். எழுபதை நெருங்கும் ஒரு பிரம்மச்சாரிக்கு அது வாயில் நுழையவில்லை. முந்தாநாள் ரொட்டிக் கடையில்தான் அவருக்குச் சேதி தெரிந்தது. எலியான் இந்த அறுவடை முடிந்ததும் சூரிச் பக்கம் மகள் வீட்டோடு போய்விடுகிறாளாம். எபெஸுக்கு அப்பால் செங்குத்தான திராட்சைச் சரிவில் இன்று கடைசி வெட்டு. சாயங்காலம் மகள் காரில் வந்து அழைத்துப் போகிறாள்.

அன்றிரவு மர்சலின் சூப்பை அடுப்பிலேயே தீயவிட்டார். அவள் இல்லாத அக்டோபரை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மற்ற மாதங்களில் அவளை அவர் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். குளிர்காலம் முழுக்கச் சரிவைத் தாங்கும் கல்மதில்களைச் செப்பனிடுவார், மழை அடித்துக்கொண்டுவந்த மண்ணை முதுகில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவார், வேலை முடிந்ததும் ஒற்றைத் தட்டில் சாப்பிடுவார். அவள் ஏரிக் கப்பலின் சமையலறையில் வெங்காயம் உரிப்பாள். அறுவடை வந்தால் ஒரே சரிவில் இருவரும் வேலை செய்வார்கள். அவள் வெட்டுவாள், அவர் முதுகுத் தொட்டியில் சுமப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. இந்த வருஷம் அவருக்கு அழைப்பு இல்லை. முழங்கால் போய்விட்டது. முழங்கால் நன்றாக இருந்திருந்தாலும் அழைத்திருக்க மாட்டார்கள். சரிவில் ஒற்றைத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள், பழப்பெட்டிகளை ஒரு குட்டி வண்டி இழுத்துக்கொண்டு ஏறுகிறது.

வெயில் நன்றாகக் காய்ந்தது. ஏரியிலிருந்து ஒரு வெளிச்சம் எதிரொளித்தது, மதில் கற்களிலிருந்து ஒரு சூடு வந்தது. வீயெத் ஊரைத் தாண்டும்போது கொடிகளெல்லாம் பழமின்றி மொட்டையாகிவிட்டதைப் பார்த்தார். இலைகள் மட்டும் மஞ்சளாகத் தொங்கின. அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "போகாதீங்க." குரல் யாரோ ஒருவருடையது போல இருந்தது. கீழே ஒரு ரயில் போயிற்று. போகட்டும் என்று விட்டார்.

அடுத்த ஊரான குயியில் மாட்டிக்கொண்டார். நிலவறை வாசலில் கஸ்தோன் நின்றிருந்தான். தொட்டி சுமந்த காலத்துக் கூட்டாளி, இப்போது தொப்பை சுமக்கிறான்.

"என்னடா மர்சலின், தொட்டி இல்லாம நடந்தா காத்துல பறந்துடுவ போலிருக்கே. உள்ள வா."

"நேரமில்லடா."

"ஒனக்கா நேரமில்ல? யாருடா ஒனக்காக உலை வெச்சுட்டுக் காத்திருக்கா?"

இந்த ஊர்களில் நிலவறைக்குக் கூப்பிட்டு வராமல் போவது, வீடு தேடிப் போய் அறைவதற்குச் சமம். அங்கே ஒரே கோப்பைதான். வீட்டுக்காரன் ஒயினை ஊற்றி முதலில் தான் குடிப்பான், பிறகு ஊற்றி உங்களிடம் தருவான், அப்படியே சுற்றும். ஒருவன் எழுந்து போனால் சுற்று அறுந்துபோகும். மர்சலின் எதையும் அறுத்துப் பழக்கமில்லாதவர். உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?"

"மோசமில்ல."

இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. ஆமாம், இல்லை என்று நேராகச் சொல்ல இவர்களுக்கு நாக்கு வளையாது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டாலும் 'பாக்கலாம்' என்பார்கள், பிறகு ஏரியைப் பற்றிப் பேசுவார்கள்.

"எலியான் போறாளாமே," என்றான் கஸ்தோன். "பாவம்டா அவ. புருஷன் போய் எத்தன வருஷம். ஒரு நல்லவன் கெடைக்கல. நீயும்தான் முப்பது வருஷம் அவ பின்னாடி இடிச்ச புளி மாதிரி நின்ன. ஒரு தடவயாச்சும் அவகிட்ட முத்தம் வாங்கினியா?"

"அவ குலை மறந்தாத்தானே வாங்க."

"அதுவும் சரிதான். அவ கத்தரிக்கு ஒண்ணு தப்பாது."

மர்சலின் கோப்பையைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டார். அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது. இந்தச் சரிவுகளின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். வெட்டுகிற பெண் கொடியில் ஒரு குலையை மறந்துவிட்டால், சுமக்கிறவன் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, சரிவு முழுக்கக் கேட்கும்படி "மறந்த குலை" என்று கத்த வேண்டும். எல்லோரும் கத்தரியைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவார்கள். அவள் அவனுக்கு ஒரு முத்தம் தந்தாக வேண்டும்.

எலியானும் மறந்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒன்று, இலை மறைவில், இடுப்பு உயரத்தில். மர்சலின் ஒருநாளும் கத்தவில்லை. யாரும் பார்க்காதபோது பேனாக்கத்தியால் அறுத்துத் தொட்டியில் போட்டுவிடுவார். இவ்வளவு கெட்டிக்காரி ஒரு குலைக்காக ஊர் வாயில் விழக்கூடாது என்று நினைத்தார். அவளுக்காகத் தான் செய்த ஒரே காரியம் அது என்று உள்ளுக்குள் பெருமை வேறு. கத்துவதற்கு வெட்கம் என்பதும் அதில் பாதி இருந்தது. அந்தப் பாதியை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிலவறையிலிருந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. மர்சலின் நடையை எட்டிப்போட்டார். முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினார். எபெஸைத் தாண்டியதும் எதிரே வெட்டுக்காரர்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள், முடிவு விருந்துக்கு. தொத்திறைச்சி வேகும் வாசனை கீழே இருந்தே வந்தது. கூட்டத்தில் எலியான் இல்லை.

"மேல இருக்கா தாத்தா," என்றாள் ஒருத்தி. "கடைசி வரிசையைத் தானே முடிக்கிறேன்னு ஒத்தக்கால்ல நின்னா."

அவள் தனியாகத்தான் இருந்தாள். நீலத் தலைத்துணி, ஒட்டுப்போட்ட கையுறை. காலடியில் பழப்பெட்டி. இன்னும் ஒரே ஒரு கொடிதான் பாக்கி.

"மர்சலினா? நடந்தா வந்தீங்க? ரயில் என்ன ஆச்சு?"

"ரயில் இருக்கு," என்றார் அவர்.

அவள் வெட்டி வந்த வரிசை நெடுகப் பழைய பழக்கத்தில் அவர் கண் ஓடியது. இலைகளை விலக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தயார் செய்த வாக்கியம் எங்கோ ஓடிவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"இந்த வருஷம் ஒண்ணுகூட மறக்கலியே."

அவள் கத்தரி நின்றது. "எந்த வருஷம் மறந்தேன்?"

"வருஷாவருஷம் ஒண்ணு மறப்பீங்க." அவருக்குக் காது சூடேறியது. "நான்தான் யாருக்கும் தெரியாம அறுத்துப் போட்டுடுவேன். உங்களுக்கு அவமானமாயிடக் கூடாதுன்னு."

அவள் மதில்மேல் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"மர்சலின், இந்தச் சரிவுல சுத்தமா வெட்டுறது யாரு?"

"நீங்கதான். அதுல என்ன சந்தேகம்."

"மத்தவங்க யாராவது சுமந்தப்ப நான் ஒரு குலை விட்டிருக்கேனா?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முழங்காலில் இருந்த வலி நெஞ்சுக்கு ஏறியது.

"நீங்க அறுக்கிறத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்றாள் அவள். "முதுகைத் திருப்பிக்கிட்டு, திருடன் மாதிரி. சரி, இவருக்கு என்னைப் பிடிக்கல, மரியாதைக்குச் சொல்லாம விடுறாருன்னு நெனச்சேன். அடுத்த வருஷம் திரும்பவும் ஒண்ணு விடுவேன். எனக்கும் புத்தி இல்ல."

"போகாதீங்க," என்றார் மர்சலின். கடைசியில் அது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "என்கூட லூத்ரிக்கு வந்துடுங்க."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை பழச்சாற்றில் பிசுபிசுத்தது.

"வீட்டுச் சாவியக் குடுத்துட்டேன். பொண்ணு எனக்கு அறை தயார் பண்ணிட்டா. அதெல்லாம் கூடப் பரவாயில்ல, மாத்திக்கலாம். ஆனா நான் களைச்சுப் போயிட்டேன் மர்சலின். வருஷாவருஷம் கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப எனக்குள்ள கேக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

மேலே சாலையில் கார் ஹாரன் கேட்டது. அவள் எழுந்து கடைசிக் கொடியை வெட்டினாள், குலை குலையாக, வேகமாக.

"ஒண்ணே ஒண்ணு விடுங்க," என்றார் அவர்.

அவள் கடைசிக் குலையை வெட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "மறந்ததுக்குத்தான் முத்தம். இது நானா குடுக்கறது. சாப்பிடுங்க."

பிறகு ஊர் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டாள். தபால்காரனுக்கும் அதே மூன்றுதான். கல்படிகளில் ஏறினாள், ஒருமுறை நின்று தலைத்துணியைச் சரிசெய்தாள், ஏறிப் போய்விட்டாள். குட்டி வண்டி வந்து அவள் பழப்பெட்டியை இழுத்துக்கொண்டு போயிற்று.

மர்சலின் அங்கேயே நின்றார். அழுகை வந்தது, அழுதார். யார் பார்க்கப் போகிறார்கள். கீழே விருந்தில் யாரோ அக்கார்டியன் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்புறம் அவர் செய்ததைக் கஸ்தோன் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரித்திருப்பான். குலையை எடுத்துப்போய் அந்த மொட்டைக் கொடியில், இலை மறைவில், இடுப்பு உயரத்தில் செருகி வைத்தார். வரிசையின் முனைவரை போனார். தொட்டி சுமக்கிறவன் நடையில் திரும்பி வந்தார். இலையை விலக்கினார். இருந்தது. அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"மறந்த குலை!"

வாழ்நாளில் அவர் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. மதில் மதிலாக அது கீழே இறங்கி ஏரிவரை போயிற்று. பக்கத்துச் சரிவிலிருந்து குருவிக் கூட்டம் ஒன்று எழுந்து பறந்தது. மேலே கார் கிளம்பி வளைவு திரும்பும் சத்தம் கேட்டது. கை வலிக்கும்வரை அவர் குலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.