பல் பட்ட இடம்

துவைத்து அனுப்பிவிட்டார்கள் பாவிகள். ஷார்ஜாவில் என் வீட்டுக்காரர் யாசரோடு ஒரே அறையில் இருந்தவர்கள். அவர் நெஞ்சுவலியில் போனதும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டுப் பெட்டியை மட்டும் ஊருக்கு அனுப்பினார்கள். சட்டை, லுங்கி, தலையணை உறை எல்லாம் சோப்பு மணத்தோடு இஸ்திரி போட்டு. வாட்ச் வாரைக்கூட டெட்டாலில் துடைத்திருந்தார்கள். மவுத்தானவர் சாமான் அழுக்காகப் போகக் கூடாது என்ற மரியாதையாம். அந்த மரியாதையில் இடி விழ.

நான் வேலை பார்ப்பது குற்றாலத்துப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில். அங்கே ஒரு சாயம் தயாரிக்கிறோம். மனிதர் தொட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தோல் துகள் ஒட்டியிருக்கும். அதற்குள் இருக்கும் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டால்தான் இந்தச் சாயம் நன்றாக ஒளிரும். நீல டார்ச் அடித்து ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பச்சைப் புள்ளிகள் தெரியும். யார் தொட்டது என்று சொல்லாது. யாரோ தொட்டார்கள் என்று மட்டும் சொல்லும். கடைசி முகம் பார்க்கக் கொடுத்து வைக்காத எனக்கு அதுவே பெரிசு.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வேலைக்குப் போன மறுவாரம், ஒரு சின்னக் குப்பி சாயத்தையும் டார்ச்சையும் கண்ணாடியையும் யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்தேன். சாரல் மாதம். மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவர் ஈரச் செருப்பை உதறும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். பட்டப்பகலில் குளியலறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தெளித்துப் பார்த்தேன். சட்டைக் காலர் கறுப்பு, ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. தலையணை உறை கறுப்பு. வாட்ச் வாரும் கறுப்புதான். அவரை இரண்டாவது தடவை அடக்கம் செய்துவிட்டு வந்த மாதிரி அடுப்படியில் உட்கார்ந்தேன்.

அங்கே வெங்காயம் கொட்டி வைத்த அட்டைப்பெட்டி இருந்தது. போன நோன்புப் பெருநாளைக்கு அவர் கார்கோவில் அனுப்பியது. பக்கத்திலேயே கத்தரிக்கோல் கிடந்தாலும் டேப்பைப் பல்லால்தான் கடித்துக் கிழிப்பார். எத்தனை தடவை ஏசியிருப்பேன். பெட்டியின் அடியில், நான் பிரிக்க வசதியாக டேப் முனையை உள்ளே மடித்து ஒட்டியிருந்தார். மடிப்பைப் பிரித்தேன். அவருடைய உடைந்த முன்பல் போட்ட கோணல் வெட்டு அப்படியே இருந்தது.

மறுபடி கதவைச் சாத்தித் தெளித்து டார்ச் அடித்தேன். வெட்டு நெடுகப் பச்சை. பக்கத்தில் ஒரு பெருவிரல், புள்ளி புள்ளியாக. சத்தம் போட்டு அழுதுவிட்டேன்.

இந்தச் சாயம் பார்க்கப் பார்க்க மங்கிவிடும். அதை ஒளிர வைக்கும் வெளிச்சமே அதைத் தின்றும் விடும். மிச்சத்தை எனக்கென்று வைத்துக்கொள்ள அவசரமாக டார்ச்சை அணைத்தேன்.

"ஏட்டி ஹஸீபா, உள்ள ஏன் அழுத?" கதவைத் தட்டியது மாமி நூர்நிஷா, அவரைப் பெற்றவள்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. உள்ளே இழுத்து, இருந்த ஒரே கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டு டார்ச்சைப் போட்டேன்.

மாமி குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "எம் புள்ள பல்லுலா இது."

"ஆமா மாமி."

"மங்குதே."

"பாத்தா மங்கிரும் மாமி."

அவள் சட்டென்று கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்தாள். "அப்போ நீ பாரு. அவன மொதல்ல பாத்தவ நானு. கடைசியா நீ பாரு."

மாட்டிக்கொண்டு பார்த்தேன். டேப் கறுப்பாக இருந்தது.

"தெரியுதாட்டி?"

"தெரியுது மாமி" என்றேன்.